உள்விளிம்பில் ஒட்டிய சுண்ணாம்பு

அறுபதுகளின் நடுவில் என்னிடம் இருவர் மட்டும் இருக்கக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. கடற்படைத் தளத்தை விட்டுப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவருடையது. எனக்கு அப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. திருகோணமலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முன் ஸ்பிரிங்குகளை வெட்டியும், பின்பக்க வில் ஸ்பிரிங்குகளில் இரண்டிரண்டு தகடுகளைக் கழற்றியும் காரை நிலத்தோடு பதித்திருந்தேன்.

மனைவி அதில் ஏறுவதில்லை. "சேலையோட உதுக்குள்ள இறங்கினா, பிறகு துறைமுகத்துக் கிறேன் வந்துதான் தூக்க வேணும்" என்பாள்.

குறையாக இருந்தவை அகலமான பந்தய ரயர்கள் மட்டுமே. அவற்றைக் கொழும்பு நண்பர் ஒருவர் அனுப்பிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவரும் இன்னும் சிலரும் தங்கள் கார்களோடு நிலாவெளி வீதியில் வேகம் பார்க்க வருவதாக ஏற்பாடு. அந்த ரயர்களோடுதான் அவர்கள் முன் போய் நிற்பது என்று முடிவெடுத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை காரை, எல்லோரும் நானா என்று கூப்பிடும் ரயர்காரரின் கராஜுக்குக் கொண்டுபோனேன். அவர் குறிஞ்சாக்கேணிக்காரர், என்னைவிட மூத்தவர். தினமும் கிண்ணியாத் துறையில், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் 'பாதை' என்ற மிதவையில் ஏறித் தொழிலுக்கு வருவார்.

"மாஸ்டர், இது காரா, ஆமையா? வயிறு நிலத்துல கிடக்கு."

"ஆமை இப்பிடி ஓடுமோ நானா?"

"ஓடட்டும். ஓட முந்திச் சுண்ணாம்பு என்ன சொல்லுதெண்டு பாப்பம்."

அது அவருடைய வழக்கம். வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பைக் குழைத்து ரயரின் தோளில், அந்த மேலோரத்தில், பூசுவார். ஆள் பாரத்துக்குச் சீற்றில் மணல் மூட்டை ஏற்றி, வாசற்கல்லின் மேல் காரை முன்னும் பின்னும் உருட்டுவார். ரயருக்கு மேல் கவிந்திருக்கும் மட்காட்டின் உட்புறத்தில் வெள்ளை ஒட்டியிருந்தால் ரயர் தட்டுகிறது என்று அர்த்தம். அது தீரும்வரை சில்லு நட்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்கமாட்டார். யார் அவசரப்படுத்தினாலும் சரி.

நாலு ரயர்களையும் போட்டு முடிக்க மதியமாகிவிட்டது. "மூட்டைய வச்சி பத்துத் தரம் உருட்டுங்க மாஸ்டர். தொழுதுட்டு வாறன்" என்று பள்ளிக்குப் போனார்.

உருட்டினேன். பின் இடது மட்காட்டின் உள்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் கோடு.

அரை அங்குல இடைவெளி இருக்கும் என்று கடதாசியில் கணக்குப் போட்டிருந்தேன். வெறும் சீற்றோடு அளந்த கணக்கு அது. கழற்றிய வில்லுத் தகட்டைத் திரும்பப் பூட்டி, மட்காட் விளிம்பைத் தட்டி மடக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு முன் அது நடக்காது. காரும் உயர்ந்துவிடும்.

பெற்றோலில் நனைத்த துணியால் கோட்டைத் துடைத்தேன். ரயரில் சுண்ணாம்பு தேய்ந்திருந்த இடத்தில் புதிதாகப் பூசினேன். அவசரப்படாமல், நிதானமாகத்தான் செய்தேன். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"தட்டிச்சா மாஸ்டர்?" தொழுதுவிட்டு வந்த நானா கேட்டார்.

"இல்லை நானா."

அப்படியும் அவர் கைவிளக்கைப் பிடித்துக் குனிந்து பார்த்தார், விரலால் தடவினார். "வாத்தியார்ர கணக்குப் பிழைக்கல்ல" என்று சிரித்து நட்டுகளை இறுக்கினார்.

மாலையில் தன்னைத் துறையடியில் இறக்கிவிடச் சொன்னார். "ஊராக்கள் ஒருக்காப் பாக்கட்டும்." இடது கையைக் கதவுக்கு வெளியே போட்டுக்கொண்டு பெரிய அதிகாரி மாதிரி அமர்ந்திருந்தார். நான் வேகத்தைக் கூட்டினேன். மதகடியில் ஒரு பள்ளம். அவர் பக்கத்துப் பின் ரயர் வெடித்தது. கார் சுழன்று மதகுச் சுவரில் இடது பக்கமாக மோதியது.

எனக்கு ஒரு கீறலும் இல்லை. அவருடைய மணிக்கட்டு நொறுங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "சுண்ணாம்பு பொய் சொல்லாது மாஸ்டர். என்ட கண்ணுதான் பிழைச்சிட்டு" என்றார்.

கை நேராகவில்லை. ரயர் கழற்றும் கம்பியை அழுத்த இரண்டு கைகளும் வேண்டும், கராஜ் மூடப்பட்டது. ஆனாலும் துறையடித் தேநீர்க் கடையில் ஆட்கள் வாகனங்களைப் பற்றி அவரிடம் யோசனை கேட்டார்கள். "என்னட்டக் கேக்காதீங்க. ஒரு மாஸ்டரக் கொல்லப் பாத்தவன் நான்" என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்பினாராம். கேள்விப்பட்ட பிறகும் பதினைந்து வருடங்களுக்கு மேல் உண்மையைச் சொல்லாமலிருந்தேன்.

போன மாதம் பாதையேறி அவர் வீட்டுக்குப் போனேன். கதிரையைக் காட்டினார், நான் உட்காரவில்லை. நின்றபடியே துணி, பெற்றோல், புதுச் சுண்ணாம்பு எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்த விளிம்பு?" என்று கேட்டார்.

"பின் இடது. உள்பக்கம். ஒரு சாண்."

வளைந்த மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்தபடி இருந்தார். "அப்ப என்ட கண்ணு பிழைக்கல்ல."

"இல்லை நானா. மன்னிக்க வேணும்."

"அது பிறகு. என்ட பிழையெண்டு நான் எங்க இருந்து சொன்னனோ, அங்க வந்து சொல்லுங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். தேநீர்க் கடையில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். நான் வாயெடுத்ததும் கையைக் காட்டி மறித்தார். "பொறுங்க. பாதை வருது."

பாதை கரை தட்டியது. ஆட்கள் இறங்கி கடைக்குள் வந்தார்கள். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் எழுந்து நின்று, ரயரிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.