ஆடாத கட்டு

என் அக்கா புருஷனை வேலை செய்கிற இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். இரும்பு பீரோ விற்கிற கடையில் அவரும் நானும் சுமைக்காரர்கள். அகலப் பட்டையை முதுகோடு கொடுத்து, ஆளுயர பீரோவை ஒண்டியாகவே மூன்று மாடி ஏற்றிவிடுவார். நான் பின்னால் அடியைத் தாங்கிக்கொண்டு போவேன். தாங்குவது என்ன, தொட்டுக்கொண்டு போவேன், அவ்வளவுதான்.

"பீரோவுக்கு நாலு காலு, இந்த ஆளுக்கு ரெண்டு காலு. வேற வித்தியாசம் ஒண்ணும் இல்ல" என்பார் வண்டி ஓட்டுகிறவர்.

பிசகிய மூட்டை உட்கார வைப்பதிலும் மச்சானுக்குப் பேர் இருந்தது. கை பிசகினாலும் தோள் இறங்கினாலும் ஆட்கள் அவரிடம்தான் வருவார்கள். வந்தவனை உட்கார வைத்து, "நேத்து என்னடா சாப்பிட்ட?" என்பார். அவன் யோசித்துப் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது வெடுக்கென்று ஓர் இழுப்பு. சில நேரம் டொக்கென்று உள்ளே போய்விடும். "பெரிய ஆஸ்பத்திரியே நம்ம கடையில இருக்குடா" என்று கைதட்டுவார்கள். வெள்ளையடிக்கிறவனுக்கு அதே தோள் அப்புறம் மூன்று தடவை இறங்கியதையும், இன்னொருவனுக்கு விரல் கோணியபடியே நின்றுபோனதையும் யாரும் பேசவில்லை. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் நாலு தடவை பழம் விழுந்தால் காக்காவுக்கே நம்பிக்கை வந்துவிடும்.

எங்கள் தொழிலில் முக்கியம் கட்டு. படியேறும்போது பீரோக் கதவு திறந்துகொண்டால் ஆள் காலி. அதனால் மச்சான் கயிற்றைச் சுற்றி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குவார். பிறகு கயிற்றுக்கடியில் விரலை விட்டுப் பார்ப்பார். விரல் நுழைந்தால் அத்தனையும் அவிழ்த்து மறுபடி கட்டுவார். "கட்டுன்னா ஆடக் கூடாது மாப்ள. விரல் போச்சுன்னா அது கட்டே இல்ல" என்பார். அவர் கட்டிய பீரோ ஒன்றுகூட வழியில் திறந்ததில்லை.

அவருக்கு ஒரே பெண். நாங்கள் பாப்பா என்று கூப்பிடுவோம். அப்போது ஏழு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நானும் அவர்கள் வீட்டில் இருந்தபோது, மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கிக்கொண்டு வந்தவள், கடைசி வளைவில் தவறி, வலது கையை ஊன்றி விழுந்தாள். முழங்கை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க" என்றாள் அக்கா.

"போனா கத்திதான் வைப்பான். ஊர்ல இருக்கறவன் கையெல்லாம் நான் பாக்கறேன், என் பொண்ணு கைய எவனோ பாக்கணுமா? மாப்ள, தோளப் பிடிடா."

பிடித்தேன். இதை எழுதும்போதும் என் கையில் அந்தச் சின்னத் தோள் இருக்கிறது.

"பாப்பா, நேத்து என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார். அவளுக்கு அப்பாவின் வித்தை தெரியும். பதில் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டாள். இழுத்தார். ஒரு கத்தல் கத்தி மயங்கிவிட்டாள். தண்ணீர் தெளித்து எழுப்பினோம்.

கை பார்வைக்கு நேராகிவிட்டது. பெட்டிப் பலகையில் இரண்டு பட்டைகளை உடைத்து, இரண்டு பக்கமும் வைத்து, ஈரத்துணியால் அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை சுற்றினார். மேலே சணல். கடைசியில் பழக்கம்போல விரலை விட்டுப் பார்த்தார். நுழைந்தது. அவிழ்த்தார். மறுபடி கட்டினார்.

சாயங்காலம் பாப்பா, "விரலெல்லாம் எறும்பு ஊருதுப்பா" என்றாள்.

"எலும்பு கூடுது இல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார் மச்சான்.

அக்கா அவள் விரலைத் தொட்டுப் பார்த்தாள். "ஏங்க, ஐஸ் மாதிரி இருக்கு. வெளுத்துப் போயிருக்கு பாருங்க. கொஞ்சம் தளர்த்தி விடுங்களேன்."

"தளர்த்தினா எலும்பு நகந்துடும். உனக்கு என்ன தெரியும்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நானும் அந்த விரல்களைப் பார்த்தேன். மெழுகு மாதிரி இருந்தன. நீட்டச் சொன்னேன், நீட்ட முடியவில்லை. நீட்டிவிட்டதற்கு அலறினாள். "மச்சான், ஒரு சுத்து மட்டும்…" என்று ஆரம்பித்தேன். "நீயும் டாக்டர் ஆயிட்டியாடா?" என்றார். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் தேவையில்லாமல் வாயைத் திறந்திருக்கிறேன். திறக்க வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

விடிந்து நான் போனபோது பாப்பா அழுகையை நிறுத்தியிருந்தாள். மச்சான் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியா, வலி நின்னுடுச்சு! எம் பொண்ணு சிங்கம்!" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அக்கா போர்வையை விலக்கிக் காட்டினாள். விரல்கள் நீலம் பாய்ந்து கிடந்தன. கிள்ளினேன். பாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிள்ளியது அவளுக்குத் தெரியவில்லை.

தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் அம்மா கத்தரியால் கட்டை மேலிருந்து கீழ்வரை வெட்டித் திறந்தார். தோலில் சணல் பதிந்த பள்ளம் சுற்றுக்குச் சுற்று இருந்தது. "யாரு கட்டினது?" என்றார்.

அக்கா தரையைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"எங்க அப்பா" என்றாள் பாப்பா. "அவருக்கு நல்லாக் கட்டத் தெரியும்."

டாக்டர் அம்மா அவள் தலையைத் தடவிவிட்டு எங்களை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார். எலும்பு முறிவு பெரிதில்லை. இழுக்காமல், கை எப்படி இருந்ததோ அப்படியே அட்டையில் அணைத்து, துணியில் தொங்கவிட்டு அப்போதே வந்திருந்தால் போதுமாம். கட்டுக்குள் விரல் நுழைய இடம் இருக்க வேண்டுமாம். நகத்தை அமுக்கி விட்டால் உடனே சிவப்பு திரும்ப வேண்டுமாம். "வீக்கம் உள்ள வளருது, கட்டு இடம் குடுக்கல. ரத்தம் எங்க போகும்?" என்றார். சதை செத்துவிட்டது. அன்றே கையைக் கீறித் திறந்தார்கள். கை மிஞ்சியது. விரல்கள் உள்ளங்கையைப் பார்த்து மடங்கி, பறவைக் கால் போல நின்றுவிட்டன.

மச்சான் ஆஸ்பத்திரிக்கு வந்து, எல்லாம் கேட்டு, "சரிங்க" என்று மட்டும் சொன்னார். அழுதிருந்தால் அக்கா திட்டியிருப்பாள். அவர் அழவில்லை. அதனால் அவளும் திட்டவில்லை. அந்த வீட்டில் அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

பீரோ சுமப்பதை விடவில்லை. ஆனால் கயிறு கட்டும் வேலையை என்னிடம் விட்டுவிட்டார். ஒரு தடவை படியில் வழுக்கி எங்கள் ஆள் ஒருவனுக்கு மணிக்கட்டு போனது. "பீரோவக் கூப்பிடு, ஒரு இழுப்பு போதும்" என்றார்கள். வந்தார். "எவனும் இழுக்காதீங்கடா!" என்று ஒரு அதட்டல். பீரோவைச் சுற்றி வந்த அட்டையை மடித்து அடியில் கொடுத்து, துண்டால் லேசாகக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டார். வண்டியில் போகும் வழியெல்லாம் அவன் நகத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்ன பீரோ, பயந்துட்டியா?" என்று கிண்டலடித்தார் வண்டிக்காரர்.

"ஆமா" என்றார் மச்சான்.

பாப்பா இடது கையால் எழுதப் பழகினாள். இரண்டு ஆபரேஷன் ஆனது. அப்புறம் தினமும் பயிற்சி. காலையில் வெந்நீரில் கையை ஊறவைத்து, மடங்கிய விரல் ஒவ்வொன்றையும் நீட்டிவிட வேண்டும். அதை மச்சான்தான் செய்தார். மூன்று வருஷம் கழித்து டாக்டர் அம்மா, "போதும்பா. வர வேண்டியது வந்தாச்சு. இனிமே இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். மச்சான் நிறுத்தவில்லை. வேலைக்குக் கூட்டிப்போக நான் போகிற காலையெல்லாம் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பார். "நேத்துக்கு இன்னைக்குக் கொஞ்சம் நீளுது, பாரு மாப்ள." நான் பார்ப்பேன். "ஆமா மச்சான்" என்பேன்.

இப்போது பாப்பாவுக்கு இருபத்திரண்டு. ஒரு அலுவலகத்தில் போன் எடுக்கிற வேலை. போன வாரம் ஒரு காலை, பால் வாங்கக் கிளம்பிக் கீழ்ப்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளிடம் கேட்டே விட்டேன். "ஏம்மா, உண்மையைச் சொல்லு. நீளுதா?"

"இல்ல மாமா. அந்த விரல்ல சூடு, சில்லுன்னு எதுவுமே தெரியாது."

"அப்புறம் எதுக்குத் தினமும்?"

"வேணாம்னு ஒரு நாள் சொன்னேன். அன்னைக்கு அப்பா வேலைக்குப் போகல. சாப்பிடல. ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாரு." செருப்பு வாரை இடது கையால் மட்டும் இழுத்து மாட்டினாள். "அரை மணி நேரம்தானே மாமா. இருந்துட்டுப் போகட்டும்."

மேலேயிருந்து குரல் வந்தது. "பாப்பா, தண்ணி ஆறுது."

மாட்டிய செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "வரேன்ப்பா" என்று படியேறினாள்.