பதினேழாம் படுக்கையின் வீட்டுக்குப் போன ஃபோன்

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் ஆபரேட்டர் அக்கா. பதினெட்டு வருஷமாக டெலிபோன் அறையில் இருந்தவள், சரியான வாயாடி. "சார், உங்க வீட்லேருந்து மூணாவது தடவை கூப்பிட்டாச்சு. இனிமே பொய் சொல்ல என்னால ஆகாது" என்று பெரிய டாக்டரையே விரட்டுவாள்.

தொற்று வந்ததும் பார்வையாளர்களை நிறுத்திவிட்டார்கள். வார்டிலிருந்து வரும் பட்டியலை வைத்து, தினமும் மாலை நாலு மணிக்கு நோயாளிகளின் வீடுகளுக்கு அவள்தான் பேச வேண்டும். முதல் வாரம் பட்டியலில் இருந்ததை மட்டும் படித்தாள். மறுமுனை அழுகையைத் தாங்க முடியவில்லை. பிறகு தன் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்க்க ஆரம்பித்தாள். "நல்லா தூங்குறாரும்மா." "ரெண்டு வாய் சாப்பிட்டாரு." கேட்டவர்கள் பெருமூச்சு விடுவது இவள் காதில் விழும்.

பதினேழாம் படுக்கைக்காரரின் மனைவி முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள்.

"அக்கா, சாப்பிட்டாரா?"

"ரொட்டிய பால்ல நனைச்சுக் குடுத்தாங்க. மிச்சம் வைக்காம சாப்பிட்டாரு."

ஃபோனை வைத்ததும் வார்டு நர்ஸ் ஓடிவந்தாள். "பதினேழுக்குப் பேசிட்டீங்களா? மூணு மணிக்கே போயிட்டாருக்கா. அது மத்தியானம் போட்ட பட்டியல். ரெண்டு நாளா தொண்டையில குழாய் வேற."

மூன்றாம் நாள் அந்த மனைவி அவருடைய சாமான்களை வாங்க வந்தாள். மூக்குக்கண்ணாடி, செருப்பு, ஒரு சட்டை. திட்டப்போகிறாள் என்று அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஆனால் அவர் இறந்த நேரத்தை அந்த மனைவியிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"கடைசியா வயித்துக்கு ஏதோ போச்சே, அது போதும்க்கா" என்றாள் அவள்.

மறுநாள் காலை ஃபோன் அடித்தது. எடுத்தாள். அக்காவின் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது, குரல் இல்லை. தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். வீட்டில், மகள் மென்று தின்னும் சத்தம் கேட்டாலே தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"நல்லதுக்குத்தானே சொன்ன? விட்டுத்தள்ளு" என்றார் கணவர்.

இரண்டு மாதம் கழித்து அவரே அவளை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டரின் கண்ணும் சிவந்திருந்தது. "நானும் மாத்திரை போட்டுட்டுத்தான் வர்றேன்மா. கூச்சப்படாம சொல்லுங்க." கிசுகிசுப்பாகவே எல்லாவற்றையும் சொன்னாள். பதினேழாம் படுக்கைக்காரரின் மனைவியிடம் உண்மையைச் சொல்லப்போவதாகவும் சொன்னாள். அவசரப்பட வேண்டாம் என்றார் அவர்.

அவள் கேட்கவில்லை. அன்றைக்கே ஃபோன் செய்து, அந்தக் காற்றுக்குரலில் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் ஏன் எடுத்துட்டீங்க?"

லைன் அறுந்தது.

குரல் நாலாவது மாதம் திரும்பியது, கரகரப்பாக. அவளைப் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். மாதம் ஒருமுறை அந்த டாக்டரைப் பார்க்க இன்னும் போகிறாள். வெளியே பெஞ்சில் அதே மருத்துவமனை நர்ஸுகள் இரண்டு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். எதற்கு வந்தாய் என்று ஒருவரையொருவர் கேட்பதில்லை. கொஞ்சம் நகர்ந்து இவளுக்கு இடம் விடுவார்கள்.