கடைசி பஸ் வரும் வரை: நெய்வேலிக்கு ஓர் ஓட்டுப் பயணம்

இப்பயணத்தை நான் மேற்கொண்டது 18-5-2025, ஞாயிற்றுக்கிழமை. நோக்கம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு வாக்குச் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்புவது. நெய்வேலிக்கு எப்படிச் செல்வது, எவ்வளவு செலவாகும் என்று கேட்டு எழுதியிருந்த வாசகர்களுக்கும் இதில் பயன்படும் செய்திகள் உண்டு. ஆனால் அவை இடையிடையேதான் வரும், பொறுத்தருள்க.

நான் நெய்வேலிச் சுரங்கத்தின் டிராயிங் ஆபீசில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வரைபடம் வரைந்து, 2008இல் ஓய்வுபெற்றேன். ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும் என்பதால், அன்று முதல் தாம்பரத்தில் மகளின் வீட்டில் வாசம். நகரியத்துக்கு வெளியே, எங்களைப் போன்றோர் சேர்ந்து நடத்தும் ஓய்வுபெற்றோர் மன்றம் ஒன்று இருக்கிறது. அதில் நான் ஆயுள் உறுப்பினர். ஆனால் பதினேழு ஆண்டுகளில் ஒருமுறைகூட அதன் தேர்தலுக்குப் போனதில்லை. போகாததற்குக் காரணம் தூரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மைக் காரணம் மன்றத்தின் செயலாளர் ஏகாம்பரம்.

அந்த ஏகாம்பரமே, தேர்தலுக்கு ஆறு நாள் முன்பு, 12ஆம் தேதி மாலை 5.40க்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"டிராயிங் சார், நான் திருவதிகை ஏகாம்பரம் பேசறேன். இந்தத் தடவ போட்டி கடுமையா இருக்குதுங்க. நீங்க வந்து எனக்குப் போடணும்."

தூரமாயிற்றே என்றேன்.

"நாப்பத்தொரு ஓட்டு போச்சுதே எனக்கு. அதுல ஒண்ணாச்சும் திருப்பிக் குடுங்க சார்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வர முடியாது என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. வருகிறேன் என்றேன்.

நாற்பத்தொன்று என்ன கணக்கு என்பதை வழியில் சொல்கிறேன்.

கிளாம்பாக்கத்தில் காலை 7.20க்குப் பேருந்து புறப்பட்டது. பயணச்சீட்டு 185 ரூபாய். நடத்துநர் பன்னிரண்டரைக்கெல்லாம் போய்விடலாம் என்றார். வாக்குப்பதிவு பிற்பகல் 2.00 மணி வரை. ஒன்றரை மணி நேரம் கையிருப்பு இருக்கிறதே என்று நிம்மதியாக இடப்பக்கச் சன்னலோரம் அமர்ந்தேன். (மே மாதத்தில் தெற்கே போகிறவர்கள் காலையில் வலப்பக்கம் அமர்க. வெயில் என்மேல் விழத் தொடங்கிய பிறகுதான் இந்த ஞானம் எனக்குப் பிறந்தது.)

விழுப்புரம் தாண்டியதும் செம்மண்ணும் முந்திரித் தோப்புகளும் வந்தன; கூடவே 1988ஆம் ஆண்டும் வந்துவிட்டது. அப்போது நகரியத்தில் எங்கள் குடியிருப்புப் பகுதியான பிளாக்கில் ஒரு மனமகிழ் மன்றம் இருந்தது. பிளாக்கின் எண்ணைக் குறிப்பிடவில்லை. அங்கே இப்போது வேறு குடும்பங்கள் வசிக்கின்றன. ஒரு கேரம் பலகை, நாளிதழ்கள், பொங்கல் விளையாட்டுப் போட்டி, வீடுகளுக்குத் தண்ணீர் வராவிட்டால் அதிகாரியிடம் போய்ப் பேசுவது ஆகியவை அதன் பணிகள். ஆண்டுதோறும் பொதுக்குழுவில் கை தூக்கித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். முன்வரிசையில் மேலதிகாரி அமர்ந்திருக்க, அவர் பார்வை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கைகள் உயரும். இதை மாற்றி ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்டவர், ராட்சதச் சக்கரம் சுழன்று நிலக்கரி வெட்டும் எந்திரத்தில் ஷிப்டு வேலை பார்த்த ஏகாம்பரம். அவர் கேட்டபடியே நடந்தது. நேரம் தவறாதவன் என்று பெயரெடுத்த என்னைத் தேர்தல் அதிகாரியாக அமர்த்தினார்கள்.

நாள் 17-7-1988, ஞாயிறு. நேரம் காலை 8 முதல் பிற்பகல் 2 வரை. குறித்தவன் நான். விடுமுறை நாள், எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று எண்ணினேன். வாழ்நாள் முழுவதும் ஜெனரல் ஷிப்டில் காலை போய் மாலை வந்தவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய எண்ணம் அது. சுரங்கத்துக்கு ஏது ஞாயிறு? முதல் ஷிப்டு காலை ஆறுக்குத் தொடங்கி இரண்டுக்கு முடியும். முடிந்தபின் மேலேறி வந்து, கம்பெனி பஸ் பிடித்து, பிளாக்குக்குள் இறங்க 2.25 ஆகிவிடும்.

சரியாக 2.25க்கு அந்தப் பஸ் வந்தது. அதிலிருந்து நாற்பத்தொரு பேர் இறங்கினார்கள். வாக்களிக்கும் அவசரத்தில் எவரும் குளிக்கக்கூட இல்லை. இமையிலும் காது மடலிலும் கரித்தூள். நான் 2.00க்குப் பெட்டிக்கு அரக்கு வைத்துவிட்டிருந்தேன். ஏகாம்பரம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், ஓடியாந்து நிக்கிறோம் சார்" என்றார். நான் என் கைக்கடிகாரத்தைக் கம்பிக்கு வெளியே நீட்டிக் காட்டினேன்.

மூன்று அணிகள் போட்டியிட்டன. ஆபீஸ்காரர்கள் அணி முதலிடம். ஏகாம்பரம் ஒன்பது வாக்கு குறைவு. வெல்டர் அனீபாவின் அணி மூன்றாமிடம். அதிக வாக்கு பெற்றவர் வென்றவர் என்பது விதி. ஆகவே மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியவர் முழு மன்றத்துக்கும் தலைவரானார். மீதி இருவரின் ஆட்கள் வந்து கேட்டால் அவர் ஏன் பதில் சொல்லப்போகிறார்? அவர்களுடைய தயவில் அவர் வரவில்லையே. அடுத்து வந்த கோடையில் தண்ணீருக்காகப் பெண்கள் குடத்துடன் நின்றபோது அவர் வீட்டுக் கதவு திறக்கவில்லை. நானும் ஆபீஸ்காரன், அவருக்குத்தான் வாக்களித்திருந்தேன்.

அடுத்த முறை ஏகாம்பரமும் அனீபாவும் கைகோத்தார்கள். பாதிக்காலம் இவர் தலைவர், மீதிக்காலம் அவர் என்பது உடன்பாடு. பெருவெற்றி. முதல் கூட்டத்திலேயே விதி ஒன்றைச் சேர்த்தார்கள்: ஷிப்டு முடிந்து வருவோரின் கடைசி கம்பெனி பஸ் வரும் வரை பெட்டி மூடப்படாது. அந்தத் தீர்மானத்தை வாசித்தபோது ஏகாம்பரம் என்னைப் பார்க்கவில்லை. பிறகு எங்கே எதிர்ப்பட்டாலும் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். இருவரும் ஓய்வுபெற்ற பின் இந்த மன்றத்தை அமைத்தபோது செயலாளர் பதவிக்கு அதே பாதிக்காலக் கூட்டணியையும், வாக்குப்பதிவுக்கு அதே விதியையும் கொண்டுவந்தார்கள்.

இப்படி நினைவோட்டத்தில் இருந்தவனைப் பண்ருட்டி நிறுத்திவைத்தது. 11.35க்கு ஊருக்குள் நுழைந்த பேருந்து 12.50 வரை நகரவில்லை. பலாப்பழப் பருவம், லாரிகள், மினி லாரிகள், மாட்டு வண்டிகூட ஒன்று, அனைத்திலும் பழம். வாசனைக்குக் குறைவில்லை. நான் மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தபின் பக்கத்து இருக்கைப் பெண்மணி, "மணி பாத்துகினே இருந்தா வண்டி நகருமாங்க?" என்று கேட்டு, ஒரு சுளையை நீட்டினார். நான் ஏகாம்பரத்தை அழைத்து, பண்ருட்டியில் நிற்பதாகச் சொன்னேன். "காலைல நானும் அதுலதான் மாட்டிகினேன். வாங்க சார், வாங்க" என்று வைத்துவிட்டார்.

நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கியபோது 1.48. ஆட்டோ கிடைக்கவே பத்து நிமிடம் ஆயிற்று; கட்டணம் 120 ரூபாய், தூரம் நான்கு கிலோமீட்டர். அவசரம் என்று சொல்லியும், நகரியச் சாலைக்குள் வந்ததும் என் கண் வெளியே போய்விட்டது. இருபுறமும் கூடி நிற்கும் அதே மரங்கள். வெளியே கொளுத்தும் மே மாதம் அவற்றின் கீழே பங்குனியாகி விடுகிறது. இரண்டு மணிச் சங்குக்கு முன் சைக்கிள்கள் வரிசையாகப் போன சாலையில் இப்போது இருசக்கர வாகனங்கள். எங்கள் பிளாக்கின் திருப்பத்தில் என் பழைய வீட்டு மாமரம் மட்டும் தெரிந்தது. யாரோ அதில் கொடி கட்டித் துணி உலர்த்தியிருந்தார்கள். நன்றாக இருக்கட்டும்.

ஓட்டுநர் ஐம்பது வயதுக்காரர், முன்பு கான்ட்ராக்ட் தொழிலாளி. மன்றத்தின் பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"எங்க மாமனாரும் அதுல மெம்பர்தாங்க. மாசா மாசம் ஆஸ்பத்திரிக்கு வேன் வுடுவாங்க. ஏழு மாசமா நிக்குது."

"ஏன்?"

"அத்த ஏன் கேக்கறீங்க. ஏகாம்பரம் ஐயாவக் கேட்டா, ரிப்பேர் பாக்கறது அனீபா பாய் பொறுப்புங்கறாரு. பாயக் கேட்டா, பதவிய மாத்திக் குடுக்க வேண்டிய தேதி போயி ஏழு மாசம் ஆவுது, நாற்காலிய வுட்டு எழுந்திருக்காம என்னை எப்படிப் பாக்கச் சொல்றாருங்கறாரு. நடுவுல எங்க மாமனாரு என் ஆட்டோல போறாரு. ஓசில!"

1988இல் ஒருவர் தனியாக அமர்ந்துகொண்டு பதில் சொல்லவில்லை. இப்போது இருவர் சேர்ந்து அமர்ந்துகொண்டு, பதிலை ஒருவர் மடியிலிருந்து மற்றவர் மடிக்குத் தள்ளுகிறார்கள். கூட்டணியால்தான் அந்த நாற்பத்தொரு பேருக்கு மன்றத்தில் இடம் கிடைத்தது. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் யாரிடம் கேட்பது என்பது தெரியாமல் போனால், வாக்குச் சீட்டு ஒன்றுதான் கேள்வி கேட்கும் இடமாக மிஞ்சுகிறது. நானோ அந்தச் சீட்டை ஒருவருக்கென்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். கூட்டணியிலிருந்து விலகி ஏகாம்பரத்தை எதிர்த்து நிற்பவர் அனீபா என்பதையும் ஓட்டுநர்தான் சொன்னார்.

மன்றத்தின் வாயிலில் இறங்கியபோது மணி 2.07. கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுக் குரல்கள். நான் சன்னலருகே போனேன். கம்பியைப் பிடித்த பிறகுதான் எங்கே நிற்கிறேன், எப்படி நிற்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. கையை எடுத்துவிட்டேன்.

தேர்தல் அதிகாரி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், விதிப் புத்தகத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். "கம்பெனி பஸ்னுதான் போட்டிருக்கு. அவர் வர்றது கவர்மென்ட் பஸ்."

ஏகாம்பரத்தின் குரல் உயர்ந்தது. "மேடம், நமக்கு இப்ப கம்பெனியும் இல்ல, கம்பெனி பஸ்ஸும் இல்ல. அப்ப விதிய எதுக்கு வெச்சிகினு இருக்கோம்?"

"போட்டியாளர் ரெண்டு பேரும் ஒத்துக்கணும்" என்று தலைமையாசிரியை அனீபாவின் பக்கம் திரும்பினார்.

ஏகாம்பரம் யாருக்காக என்னை வரவழைத்தார் என்பது அனீபாவுக்குத் தெரியாமல் இருக்குமா? மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பஸ்ஸுன்னா பஸ்தான் மேடம். அந்த விதிய எழுதினதுல என் கையெழுத்தும் இருக்கு. அவரு ஜன்னல்ல நிக்கிறாரு பாருங்க, கதவத் தொறங்க."

திறந்தார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு அட்டைத் தடுப்புக்குப் பின்னே போனேன். இரண்டு பெயர்கள். என் பேனாவின் மூடியைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். நாற்பத்தொரு பேரின் முகங்கள் கரித்தூளோடு வந்து நின்றன. அவர்களுக்கு நான் செய்த தவற்றுக்கு ஏகாம்பரத்தின் பதவி ஈடாகுமா? ஆட்டோவில் ஓசியில் போகும் முதியவரின் ஏழு மாதத்தை அதற்கு விலையாகக் கொடுக்க நான் யார்? 2.14க்குச் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டேன். அரக்கு வைத்தார்கள்.

எண்ணி முடிக்க 3.05 ஆயிற்று. அனீபா பதினான்கு வாக்கு வித்தியாசத்தில் வென்றார். என் சீட்டு எந்தப் பக்கம் விழுந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. 1988இல் மாறியிருக்கும். ஏகாம்பரம் சட்டைப்பையிலிருந்து வேன் சாவியை எடுத்து, மேசைமேல் வைத்தார். "இந்தா பாய். இனிமே வண்டி ஓடலன்னா உன்னைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும். கேக்கறதுல நீதான் மொத ஆளா இருப்ப, தெரியாதா எனக்கு?" என்றார் அனீபா.

வெளியே, தேநீர்க் கடை நிழலில், ஏகாம்பரம் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"யாருக்குப் போட்டீங்க சார்?"

"அது ரகசிய வாக்கெடுப்பு. நீங்கள் கேட்டு வாங்கியதுதானே?"

"அப்ப எனக்குப் போடல." சிரித்தார். "எனக்குப் போட்டிருந்தா இந்நேரம் சொல்லியிருப்பீங்க."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகள் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "அன்றைக்கு நான் இருபத்தைந்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும், ஏகாம்பரம். பொறுக்காதது என் தவறு."

"முப்பத்தேழு வருஷம் லேட்டுங்க."

"முப்பத்தாறு வருடம், பத்து மாதம், ஒரு நாள்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கென்னங்க. கடைசி பஸ் வர்ற வரைக்கும் பெட்டி தொறந்துதான இருக்குது."

வருகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கிளாம்பாக்கத்திலிருந்து காலை ஏழு மணிக்கு முன் கிளம்புக. நகரியத்துக்குள் மதிய உணவுக்கு 90 ரூபாயில் நல்ல சாப்பாடு கிடைக்கிறது. நான் சாப்பிட்டது 3.50க்கு, ரசம் மட்டும் சூடாக இருந்தது. சுரங்கத்தை உள்ளே போய்ப் பார்க்க முன் அனுமதி தேவை. அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். மாலை நாலரைக்கு மேல் பிளாக் சாலைகளில் நடந்து பாருங்கள். அதற்குக் கட்டணமோ அனுமதியோ இல்லை. பலாப் பருவத்தில் பண்ருட்டி வழியாக வந்தால் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்க.

திரும்பும்போது ஏகாம்பரமும் என்னோடு, பண்ருட்டியை ஒட்டிய தம் ஊரான திருவதிகை வரை, அதே பேருந்தில் வந்தார். 5.10க்குப் புறப்பட வேண்டிய வண்டி 5.35க்குத்தான் கிளம்பியது. இருபத்தைந்து நிமிடத் தாமதம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நடத்துநரிடம் எதுவும் கேட்கவில்லை.