ஏர் ஃபிரையருக்கு ஐந்து சீட்டு

என் பொண்டாட்டி நவமணியைப் பத்திச் சொல்லணும்னா அந்த வாட்ச்சுலதான் ஆரம்பிக்கணும். நாங்க பினாங்குல பாயான் பாரு ஃபிளாட்ல பத்தாவது மாடியில இருக்கோம். நான் ஏர்கோன், அதான் ஏசி, ரிப்பேர் பண்றவன், பேரு ராமதாஸ். அவளுக்கு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில கியூசி வேலை, செஞ்ச பொருள்ல குத்தம் கண்டுபிடிக்கணும். இருபத்தாறு வருஷமா அதுக்குச் சம்பளம் வாங்குறா. வீட்டுல அதையே ஓசியா செய்வா.

போன வருஷம் நடக்குற அடியை எண்ணுற வாட்ச் ஒண்ணு வாங்கிக் கட்டினா. ஒரு வாரம்கூட ஆகல, எவனோ போன் பண்ணி, "நவமணி அக்காவா? சுகர் எப்படிக்கா இருக்கு? நம்மகிட்ட நல்ல மருந்து இருக்கு"ங்கறான். அவளுக்குச் சுகர் இருக்குற விஷயம் எனக்கே அப்பதான் தெரியும்! கட்டின புருஷனுக்குச் சொல்லாததை அந்த வாட்ச்சுக்குச் சொல்லியிருக்கா.

வேற யாரா இருந்தாலும் அந்த நம்பரை பிளாக் பண்ணிட்டு சோறு வடிக்கப் போயிருப்பாங்க. இவ வாட்ச்சைக் கழட்டி வச்சுட்டு, அந்த வாட்ச் ஆப்போட விதிமுறைன்னு இருந்த முப்பத்தெட்டுப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவோட உக்காந்தா. மூணு நாளு படிச்சா. நாலாவது நாள் காலையில, "நான் நாடகம் எழுதப் போறேங்க"ன்னா.

நாடகத்துக்கு 'ஒப்புக்கொள்கிறேன்'னு பேரு. வாட்ச் செய்யுற ஒரு கம்பெனி, அதைக் கட்டிக்கிட்டவங்க நோய் நொடியெல்லாம் திருட்டுத்தனமா வெளியில வித்துடுது. அதைக் கண்டுபிடிச்சு எதுத்து நிக்கிற இன்ஜினியரா நடிச்சது ஹனா. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில நாசி கண்டார் சோத்துக் கடை வச்சிருக்குற கமாலுதீனோட மக, நவமணி ஃபேக்டரியில நெசமாவே இன்ஜினியர். சரி, கெட்ட முதலாளி யாரு? வேற யாரு, நான்தான். "உங்களுக்கு நடிப்பே வேணாங்க, சும்மா வந்து நின்னாப் போதும்"னா. கல்யாணம் ஆகி முப்பது வருஷம் கழிச்சு இப்படி ஒரு சர்ட்டிஃபிகேட்.

எட்டு மாசம் ஒத்திகை. ஃபிளாட்டுக்குக் கீழ கார் நிறுத்துற இடத்துல, என் ஏணிதான் முதலாளி நாற்காலி. நான் வாயைத் திறந்தாலே, "ரிஜெக்ட்! திரும்ப!"ன்னு கத்துவா. கடைசியில ஹனா பேசுற பேச்சை மட்டும் பதினோரு தடவை மாத்தி எழுதினா. "இதை ஜனங்க கேட்டுட்டு வீட்டுக்குப் போனாப் போதும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்"னு சொல்லிக்கிட்டே இருந்தா. அதைச் சொல்லும்போது மட்டும் அவ குரல் இறங்கிடும். எனக்கும் கிண்டல் பண்ண மனசு வராது.

மேடை எங்க ஊர்த் தமிழ்ச் சங்கத்தோடது. தலைவர் சோமசுந்தரம் ஐயா பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவர், நல்ல மனுஷர், செலவுன்னாதான் காது கேக்காது. "ஆதரவாளரைப் பிடிச்சுட்டு வாங்க"ன்னார். கிஷன்னு ஒரு தம்பி வந்தான், போன்லயே இன்சூரன்ஸ் விக்கிற ஆப் ஒண்ணு வச்சிருக்கான். மண்டபம், லைட், மைக் எல்லாம் அவன் செலவு, ஆனா நாடகம் முடிஞ்சதும் அவன் பேர்ல ஒரு லக்கி டிரா நடக்கணும். அதுல யாருக்கு என்ன ஆட்சேபணை? பினாங்குல லக்கி டிரா இல்லாத நிகழ்ச்சிக்கு நம்ம ஆளுங்க எவன் வருவான்? தலைவர் கையெழுத்துப் போட்டுட்டார். முப்பத்தெட்டுப் பக்கம் படிச்ச நவமணி இந்த ஒரு பக்கத்தை எட்டிக்கூடப் பாக்கல. அவ கடைசிப் பேச்சோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தா.

ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு மண்டபம் நிறைஞ்சிடுச்சு. இருநூறு பேருக்குக் குறையாது. முன்னால மேசையில சிவப்பு ரிப்பன் கட்டின ஏர் ஃபிரையர், முதல் பரிசு, பக்கத்துல சீட்டுப் போடுற பெட்டி. பாதி ஜனம் நாடகத்தைப் பாத்துச்சு, மீதி அந்த ஏர் ஃபிரையரைத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

இடைவேளையில ஹனா ஒரு லக்கி டிரா சீட்டைத் தூக்கிக்கிட்டு மேடைக்குப் பின்னால ஓடி வந்தா. "அக்கா, இதைப் பாருங்க!" பேரு, ஐசிங்கிற அடையாள அட்டை நம்பர், போன் நம்பர், ஏதாவது வியாதி இருந்தா அது, மாசச் சம்பளம், கடைசியில கையெழுத்து. அதுக்குக் கீழ எறும்பு சைஸ் எழுத்துல, இதையெல்லாம் யாருக்கு வேணும்னாலும் கொடுக்கச் சம்மதம்னு ஒரு வரி. நவமணி திரையை விலக்கிப் பாத்தா. ஜனங்க ஒருத்தர் முதுகுல ஒருத்தர் சீட்டை வச்சு மும்முரமா எழுதிக்கிட்டு இருக்காங்க.

நான் என் முதலாளி வேஷத்துக் கோட்டைச் சரி பண்ற மாதிரி திரும்பிக்கிட்டேன். ஏன்னா நான் முன்னாடியே அஞ்சு சீட்டுப் போட்டுட்டேன். என் பேர்ல ஒண்ணு, நவமணி பேர்ல ஒண்ணு, மக ரூபினி, மாப்பிள்ளை தனேஷ், சம்பந்தியம்மா பேர்ல ஒவ்வொண்ணு. அஞ்சுலயும் அவங்கவங்க பேர்ல கையெழுத்துப் போட்டதும் நானே. அதிர்ஷ்டத்துக்கு அஞ்சு வழி திறந்து வச்சா தப்பா?

"தம்பி, அந்தப் பெட்டியை எடுத்துடு"ன்னு நவமணி கிஷன்கிட்ட கேட்டா.

"அக்கா, தலைவர் சைன் பண்ணியிருக்காரு லா. பெட்டி இல்லைன்னா லைட்டும் இல்ல, மைக்கும் இல்ல."

சோமசுந்தரம் ஐயா ஓடி வந்தார். "அம்மா, மானத்தை வாங்கிடாதே. பெட்டியில கை வச்சா இந்த மேடையை நீ மறந்துட வேண்டியதுதான்."

நவமணி என்னைப் பாத்தா. "விடு நவமணி, யாரு இதையெல்லாம் பாக்கப் போறா?"ன்னேன். அவ முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம்தான் எனக்கு உறைச்சுச்சு. அது நாடகத்துல முதலாளி பேசுற வசனம், இதே வாயால எட்டு மாசமா ஒத்திகை பாத்தது!

ரெண்டாம் பாதி ஆரம்பிச்சுச்சு. கடைசிக் காட்சியில ஹனா லேப்டாப்போட வரணும். பாத்தா லக்கி டிரா பெட்டியைத் தூக்கிக்கிட்டு வர்றா. நடுமேடையில வச்சுட்டு, "உங்க விவரமெல்லாம் இதுக்குள்ள இருக்கு. வேணுங்கறவங்க வந்து எடுத்துக்கலாம்"னா.

ஒருத்தரும் அசையல. பின்னால இருந்து, "ஏய், டிரா பண்ணு லா!"ன்னு ஒரு குரல். எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல, என் வசனத்தைச் சொன்னேன்: "யாரும் வரமாட்டாங்க!" அம்மாடி, மண்டபமே அதிர்ந்துச்சு! கைதட்டல், விசில். "சரியாச் சொன்னீங்கண்ணே!"ன்னு எழுந்து நின்னு கத்துறாங்க. என் வாழ்நாள்ல வாங்கின முதல் கைதட்டல், அதுவும் அயோக்கியனுக்கு. ஹனா கண்ணு கலங்கிடுச்சு.

நவமணி மேடைக்கு வந்தா. பேச்செல்லாம் பேசல. பெட்டிக்குள்ள கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தா. கண்ணாடியைப் போட்டா.

"யாருக்கும் வேணாம்னா சரி. நானே சத்தமாப் படிச்சிடுறேன். பேரு, வியாதி, சம்பளம். முதல் சீட்டு, சுபாஷினி..."

"அக்கா! படிக்காதீங்கக்கா!" மூணாவது வரிசையில இருந்து சுபாஷினி எகிறிக் குதிச்சு ஓடி வந்தா.

அவ்வளவுதான். நவமணி படிச்சது அந்த ஒரு பேரைத்தான். கம்பெனிக்காரன் பாத்தா ஒண்ணுமில்ல, பக்கத்து நாற்காலியில இருக்குறவங்க காதுல விழுந்துடக் கூடாதே! ஜனங்க மேடையில ஏறிட்டாங்க. வேட்டி கட்டினவர் ஒருத்தர் பெட்டிக்குள்ள தலையையே விட்டுட்டார். "ரெண்டாயிரம்னு சொன்னீங்க, மூவாயிரம்னு எழுதியிருக்கீங்க!"ன்னு ஒரு அம்மா புருஷனைப் பிடிச்சுக்கிட்டாங்க. சோமசுந்தரம் ஐயாவே முழங்கையால இடிச்சுக்கிட்டு வந்து தன் சீட்டை எடுத்துச் சட்டைக்குள்ள சொருகிக்கிட்டார். நானும் கையை விடப் பாத்தேன், கூட்டம் விடல. கிஷன் ஏர் ஃபிரையரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு லைட்டை அணைக்கச் சொன்னான். திரை விழுந்துடுச்சு.

மண்டபம் காலியானதும் தலைவர் வந்தார். "அடுத்த வருஷம் உனக்கு மேடை கிடையாதும்மா." நவமணி, "சரிங்க ஐயா"ன்னா. அவ பதினோரு தடவை எழுதின பேச்சை ஒரு ஆளும் கேக்கல. ஆறுதலா ஏதாவது சொல்லலாம்னு பக்கத்துல போனேன். அவ பெட்டியைக் கவுத்தா. அஞ்சு சீட்டு விழுந்துச்சு.

அஞ்சும் ஒரே கையெழுத்து. ஒவ்வொண்ணா நிதானமாப் படிச்சா. அவ கத்தப் போறான்னு நான் காத்திருந்தேன். தன் பேர்ல இருந்த சீட்டை மட்டும் ரெண்டாவது தடவை படிச்சா.

"சம்பளம் ரெண்டாயிரத்து எண்ணூறு வெள்ளியா? நான் நாலாயிரத்து இருநூறு வாங்குறேனே. உங்களுக்கு மட்டும் சரியா மூவாயிரத்து ஐந்நூறுன்னு எழுதியிருக்கீங்க."

யாருமே பாக்கமாட்டாங்கன்னு நம்பித்தான் எழுதினேன். அப்பவும் பொண்டாட்டி என்னைவிட அதிகமா வாங்குறான்னு எழுத எனக்குக் கை வரல. வெட்கத்துல அப்படியே நின்னேன்.

"பேனா இருக்கா?"ன்னு கேட்டா. கொடுத்தேன். ரெண்டாயிரத்து எண்ணூறு மேல ஒரே ஒரு கோடு போட்டா, பக்கத்துல நாலாயிரத்து இருநூறுன்னு எழுதினா.

"ஃபேக்டரியில தப்பை அழிக்க விடமாட்டோம். கோடு போட்டு, சரியானதை எழுதி, தப்புப் பண்ணவங்க பக்கத்துல கையெழுத்துப் போடணும்." பேனாவை என்கிட்ட நீட்டினா. "போடுங்க. இந்தத் தடவை உங்க கையெழுத்து."

காலிப் பெட்டி மேல வச்சுப் போட்டேன். அவ கண்ணாடியை இறக்கி உத்துப் பாத்தா.

"தேதியும் போடுங்க"ன்னா.