நாலாவது கூறு

அந்தத் தராசின் ஒரு தட்டு நசுங்கியிருந்தது. எடைக்கற்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. செட்டிபாளையம் கடற்கரையில் மீன் விற்ற அக்கா ஒருவர், சுனாமிக்குப் பிறகு எங்கள் முகாமுக்கு அதை மட்டும்தான் தூக்கிக்கொண்டு வந்தார். முகாமில் மூன்று கைக்குழந்தைகள்: என் மகள், பக்கத்துக் கூடாரத்துக்காரியின் பிள்ளை, கடலோடு போன தன் தங்கையின் மகன் என்று அக்கா வைத்திருந்த குழந்தை. மூன்றுக்கும் சேர்த்து ஒரு தகரம் பால்மா கொடுப்பார்கள். என் மனைவிக்குக் காய்ச்சலில் பால் வற்றிவிட்டது. மகளின் உயிர் அந்தத் தகரத்தில்தான் இருந்தது.

கரண்டியால் அளந்து ஏற்கெனவே ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது. கல் இல்லாத தராசு எதையும் இரண்டாக மட்டுமே பிரிக்கும். அக்கா மாவை இரண்டாக்கி, அவற்றை மறுபடி இரண்டிரண்டாக்கி நாலு கூறு போட்டார். மூன்று குழந்தைகளுக்கும் ஆளுக்கொரு கூறு. நாலாவதை மீண்டும் நாலாக்கினார். இப்படி ஐந்து சுற்று. கடைசியில் மிஞ்சிய சிட்டிகையைத் தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

எனக்கு அந்த இடுப்பின் மேல்தான் கண். நான் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறவன். கால், காலில் கால், அதிலும் கால் என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் சரியாக மூன்றில் ஒன்று வரும். முதல் உறுப்பு கால், பொது விகிதமும் கால். ஒன்றில் காலைக் கழித்தால் முக்கால், அதனால் முதல் உறுப்பை வகுத்தால் விடை. கரும்பலகையில் எத்தனையோ தடவை நிறுவியிருக்கிறேன். அதையே ஒரு மீன்காரி கையால் செய்தபோது என்னால் நம்ப முடியவில்லை. அவர் விரலில் ஒட்டிய மாவைக்கூடக் கவனித்தேன். அந்தத் தாள் நேற்றைவிடத் தடித்திருக்கிறதோ என்று தோன்றும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அக்கா, அந்த மிச்சம் எங்க போகுது?"

அக்கா தாளை விரித்துக் காட்டினார். "அடுத்த தகரத்தோட சேக்கிறன், சேர். நம்பிக்கையில்லாட்டி இனி நீங்களே கூறு போடுங்க."

போட்டேன். வாத்தியார் போடுகிறார் என்று யாரும் கிட்ட வந்து பார்க்கவில்லை, அக்காவும்தான். அன்று மகள் அழுதழுது குரல் கம்மிக் கிடந்தாள். இரண்டாம் சுற்றோடு நிறுத்திவிட்டேன். மிஞ்சியது வெறும் தூசு என்று சொல்லிவிட்டு, தகரத்தில் பதினாறில் ஒரு பங்கை மகளின் போத்தலில் கொட்டினேன். முகாம் கலையும்வரை அப்படித்தான் செய்தேன். வெட்கமாக இருந்தது. அவள் குடித்துவிட்டு உறங்கும்போது வெட்கமும் போய்விடும்.

யுத்தம் முடிந்த வருடம் மகளோடு சந்தைக்குப் போனபோது அக்காவைக் கண்டேன். புதுத் தராசு, புதுக் கற்கள். பக்கத்தில் தங்கையின் மகன் மெலிந்துபோய் நின்றான். என் மகள் அவனைவிட ஒரு சாண் உயரம். அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மகள் நல்லா வளந்திட்டா."

"ஓம் அக்கா."

ஒரு கிலோ மீன் கேட்டேன். அவர் நிறுக்கும்போது என் கண் பழையபடி அவர் விரலுக்குப் போயிற்று. அதை அவர் கண்டுவிட்டார்.

"நல்லாப் பாருங்க சேர். நான்தான் அண்டைக்குப் பாக்காம இருந்திட்டன்."

காசைக் கொடுத்து மீனை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மீனை நிறுத்துப் பார்த்தேன். சரியாக ஒரு கிலோ இருந்தது.