செங்கல்வராயன் கேட்ட கையுறை

மில்லுக்குள் கையுறை இல்லாமல் கால் வைத்த ஆளைச் செங்கல்வராயன் திருப்பி அனுப்பாத நாள் கிடையாது. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் மில் ஒன்றில் அவர் ஸ்டோர் கீப்பர். கையுறை, பூட்ஸ், கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் ஹெல்மெட் எல்லாம் அவர் சாவிக்குள் அடக்கம். பழசைக் கொடுத்தால்தான் புதுசு என்பது அவர் போட்ட சட்டம். ஓட்டை விழுந்த கையுறையைக் கொண்டுவந்து ஸ்டோர் ஜன்னலில் வைக்க வேண்டும். அவர் அதற்குள் கையை விட்டு, ஓட்டை வழியாகத் தன் விரல் வெளியே தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் புது ஜோடி. தொலைந்துவிட்டது என்று எவனாவது சொன்னால், "ஊட்ல போய்த் தேடு" என்று ஜன்னலைச் சாத்திவிடுவார். மில்லில் யாருக்கும் விரல் போகாததற்கு அவர்தான் காரணம் என்று பேர். பின்னால் பேசும்போது ஐயனாரு என்பார்கள். அதில் கேலி பாதி, மரியாதை பாதி.

அவர் சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. மளிகைக் கடைக்காரர் மகன். எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் தடவையில் தாண்டி, எழுபத்தொன்றில் மில்லுக்கு வந்தார். இரண்டு வருஷம் யார்டில் வெயிலில் நின்று பழைய இரும்பு பொறுக்கினார். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஒரு நாள் ஸ்டோரில் தூக்கி உட்கார வைத்தார்கள். கவரைப்பேட்டையில் வாடகை வீடு, மனைவி ஜானகியம்மாள், இரண்டு பெண்கள், காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்பும் பிழைப்பு. முன்ஜாக்கிரதையான மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். முன்ஜாக்கிரதை வாஸ்தவம்தான். ஆனால் அதற்கு அடியில் இருந்தது பயம். அதை வெளியே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

எழுபத்தேழு பிப்ரவரியில் மில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியது. பேரிங்கும் பெல்ட்டும் மெட்ராஸில் பாரிமுனைப் பக்கம் போய் வாங்கி வர வேண்டும். லாரியை எதிர்பார்த்தால் மில் பாதி நாள் நின்றுவிடுகிறது. மேனேஜர் செங்கல்வராயனைக் கூப்பிட்டார்.

"இனிமே ஸ்டோரும் பர்ச்சேஸும் ஒரே ஆள்தான். வண்டி ஓட்டினா அந்த ஆள் நீங்க. இல்லேன்னா வேற ஒருத்தரைப் போடணும். அப்புறம் ஸ்டோர்ல உங்களுக்கு இடம் இருக்காது, பழையபடி யார்டுதான்."

"ஓட்டறேன் சார்" என்றார் செங்கல்வராயன். வேறு என்ன சொல்வார்?

மில் மைதானத்தில் ஒரு வாரத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டார். லைசென்ஸும் வாங்கிவிட்டார். கை நடுங்கவில்லை, கால் தடுமாறவில்லை. எல்லாம் சுற்றுச்சுவருக்குள். முதல் நாள் ஜி.என்.டி. ரோட்டில் இறங்கி மூன்று மைல் போனதும், ஆந்திராவிலிருந்து வந்த லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு முழங்கையை உரசுகிற மாதிரி தாண்டிப் போனது. ஒன்றும் ஆகவில்லை. லாரிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செங்கல்வராயனுக்கு மட்டும் கழுத்திலிருந்து கீழே எதுவும் தன்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. வண்டியை ஓரம் கட்டி, மூச்சு வந்தபிறகு அந்த மூன்று மைலும் தள்ளிக்கொண்டே திரும்பினார். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று கேட்டில் சொன்னார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

இந்தப் பயத்துக்குக் காரணம் கேட்டால் அவரிடம் ஒரு நல்ல கதைகூடக் கிடையாது. சின்ன வயதில் எந்த வண்டியும் அவரை இடித்ததில்லை. சொந்தக்காரர் யாரும் ரோட்டில் அடிபட்டுச் சாகவில்லை. காரணம் இருந்தாலாவது நாலு பேரிடம் சொல்லி அழலாம்.

அதனால் அவர் தனக்குத் தெரிந்த வித்தையைக் கையில் எடுத்தார்.

"சார், பாதுகாப்பு சாமான் இல்லாம ரோட்ல எறங்கக் கூடாது. நானே எறங்கிட்டா நாளைக்கு ஜன்னலாண்ட நின்னு யாரைக் கேக்க முடியும்?"

மேனேஜருக்கு அது நியாயமாகப் பட்டது. மில்லின் மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். செங்கல்வராயன் அதைக் கவிழ்த்துக் காட்டி விளக்கினார்: இது மேலேயிருந்து விழுகிற சாமானுக்கு. ஆளே விழுந்தால் இது ஒரு பக்கம் போகும், தலை ஒரு பக்கம் போகும். தாடையில் வார் வேண்டும், உள்ளே கனமான தக்கை வேண்டும், தலையை ஆட்டினால் கூடவே ஆட வேண்டும். அத்தனையும் உண்மை. உண்மையைக் கொண்டு பொய் சொல்வதில் ஒரு சௌகரியம், யாராலும் மடக்க முடியாது.

மூர் மார்க்கெட்டில் மூன்று ஹெல்மெட் பார்த்தார். ஒன்று தொளதொளவென்று இருந்தது. இன்னொன்றில் தக்கை உதிர்ந்தது. மூன்றாவது கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் அவசரமாகக் கழற்றி, "ரொம்ப இறுக்குது" என்று வைத்துவிட்டு ரயிலேறினார். அந்த மாதம் தப்பித்தது.

பழவேற்காட்டிலிருந்து கேன்டீனுக்குக் கருவாடு கொடுக்கும் அசன் முகைதீன் காதுக்கு விஷயம் போனது. அவர் மருமகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஹெல்மெட் பரணில் கிடந்ததாம். துணியில் சுற்றி எடுத்துவந்து, தன் கையாலேயே செங்கல்வராயன் தலையில் மாட்டி வாரை இழுத்தார்.

"ஆட்டிப் பாருங்க தம்பி. ஒங்களுக்குன்னே அளவெடுத்து செஞ்ச மாதிரி கீது!"

ஆட்டிப் பார்த்தார். இம்மிகூட நகரவில்லை. உள்ளே தன் மூச்சுச் சத்தம் மட்டும் காதில் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

அடுத்தது சட்டை. விழுந்து தேய்த்துக்கொண்டு போனால் நூல் துணி நிற்காது, தோல்தான் வேண்டும் என்றார். அது கிடைக்காது என்று அவர் கணக்கு. உலைக்காரர்கள் கழித்துப்போட்ட தோல் ஏப்ரன்களில் நல்ல பாகமாக வெட்டி, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அரைக்கோட்டாகவே தைத்துவிட்டார்கள். கணுக்காலை மூடும் பூட்ஸ் வேண்டும் என்று அவரால் வாயைத் திறக்கவே முடியவில்லை. அது அவருடைய ஸ்டோரிலேயே அடுக்கி இருந்தது. ஒவ்வொன்றாக வந்து சேரச் சேர ஜானகியம்மாள் வீட்டில் ஆணி அடித்து மாட்டி வைத்தாள். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் எதிரே அந்தக் கோட்டு தொங்கும். அவர் சுவரைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

மே மாதக் கடைசியில் மேனேஜர் நாள் குறித்துவிட்டார். ஜூன் முதல் தேதி வண்டி மெட்ராஸ் போயாக வேண்டும். இல்லையென்றால் யார்டு.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. விழுகிறவன் முதலில் ஊன்றுவது கையைத்தான், அதனால் கையுறை இல்லாமல் முடியாது என்றார் செங்கல்வராயன். ஸ்டோரில் நூறு ஜோடி இருக்கிறதே என்றார்கள். அதற்கும் பதில் வைத்திருந்தார்.

"புதுசு மரக்கட்டையாட்டம் இருக்கும். கிளட்ச்சும் பிரேக்கும் விரலுக்குத் தெரியாது. யாராவது போட்டுப் போட்டு மெதுவான தோலா இருக்கணும், ஓட்டையும் இருக்கக் கூடாது. அந்த மாதிரி எங்க கிடைக்கும்?"

எங்கும் கிடைக்காது என்றுதான் நினைத்தார். உருளைக்கு எதிரே நின்று சிவக்கச் சிவக்க வெளியே வரும் கம்பியைக் கிடுக்கியால் பிடித்துத் திருப்பிச் செருகும் சுப்பிரமணி மறுநாள் ஜன்னலுக்கு வந்தான். இரண்டு மாதம் உழைத்துப் பதமான கையுறை ஜோடியை வைத்தான்.

"போட்டுப் பாருண்ணே. வெண்ணெயாட்டம் கீது."

"உனக்கு?"

"வேற ஜோடி கீதுண்ணே, நீ வெச்சுக்கோ."

செங்கல்வராயன் ஸ்டோர் கீப்பர். யாருக்கு எத்தனை ஜோடி கொடுத்தோம் என்பது அவருக்கு மனப்பாடம். சுப்பிரமணிக்கு வேறு ஜோடி கிடையாது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் அதை யோசிக்கவில்லை. கையுறை கச்சிதமாக இருந்ததே, இனிச் சொல்ல ஒன்றும் இல்லையே என்பதில்தான் மனசு நின்றது.

ஜூன் முதல் தேதி காலை எட்டு மணிக்கே வெயில் கொளுத்தியது. தோல் கோட்டு, பூட்ஸ், ஹெல்மெட், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு அவர் வண்டியில் உட்கார்ந்தார். வேர்வை முதுகில் ஓடி இடுப்பு வேட்டியை நனைத்தது. கேட்டை விரியத் திறந்து வைத்திருந்தார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கிளட்ச்சைப் பிடித்த கை விட மறுத்தது.

அப்போது உள்ளேயிருந்து கூச்சல் கேட்டது. நாலு பேர் சுப்பிரமணியைத் தாங்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். கம்பி வழுக்கித் திரும்பி வலது கையில் சுற்றிவிட்டது. கையுறை இருக்கிறதா என்று பார்த்து உள்ளே விடச் செங்கல்வராயன் அன்று ஜன்னலில் இல்லை; கையில் ஈரச் சாக்குத்தான் சுற்றியிருந்தான். சாக்கு கருகித் தோலோடு ஒட்டியிருந்தது. புதுக் கையுறை கேட்டால் பழசைக் காட்ட வேண்டும். பழசு செங்கல்வராயன் கையில் இருந்தது.

"லாரி வெளிய போயிருக்கு. செங்கல்வராயன், பின்னால உட்கார வெச்சுக்கினு பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு விடுங்க!" என்று மேனேஜர் கத்தினார்.

கோபால் என்கிற வெல்டர் சுப்பிரமணியைத் தூக்கிப் பின்னால் உட்கார வைத்தான். சுப்பிரமணியின் நெற்றி செங்கல்வராயன் முதுகில் சாய்ந்தது. அந்தச் சூடு தோல் கோட்டைத் தாண்டி உறைத்தது. போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். போகத்தான் நினைத்தார். கை அசையவில்லை.

"என்னால முடியாது சார்" என்றார். ஹெல்மெட்டுக்குள் அது யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கத்தினார். "எனக்குப் பயமா கீது சார்! முடியாது!"

கோபால் அவரைத் தோளைப் பிடித்து இறக்கினான். கோபமாக இல்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டுகூட இல்லாமல், சுப்பிரமணியை இன்னொருத்தன் பிடித்துக்கொள்ள, மூன்று பேராக லாரிகளுக்கு நடுவே புகுந்து போய்விட்டான். செங்கல்வராயன் அத்தனை கவசத்தோடு கேட்டில் நின்றார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் ரயிலில் பொன்னேரி போனார். சுப்பிரமணிக்கு முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தார்கள். இரண்டு விரல் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பக்கத்தில் அவன் பெண்டாட்டி பச்சையம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். செங்கல்வராயன் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். பெட்ரோல் தீரவே இல்லை. மூர் மார்க்கெட் ஹெல்மெட் இறுக்கவே இல்லை. கையுறை கேட்டதும் பொய்.

"பயம்பா எனக்கு. அத்த மறைக்கத்தான் ஒவ்வொண்ணாக் கேட்டேன்."

சுப்பிரமணி கட்டுப் போட்ட கையை நகர்த்தி, அவர் உட்காரக் கட்டிலில் இடம் விட்டான்.

"தெரியும்ணே. நீ வண்டியத் தள்ளிக்கினு வந்த அன்னிக்கே மில்லு பூரா தெரியும். கேக்கறதெல்லாம் குடுத்தா பயம் தெளிஞ்சிடும்னுதான் ஆளுக்கு ஒண்ணு குடுத்தோம்."

"தெரிஞ்சா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீயே சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தோம்ணே" என்றான் சுப்பிரமணி.