தங்கைக்கு எடுத்த இடுப்புத்தசை ஸ்கேன்

2008 ஐப்பசியில், என் தங்கையைக் கவரைப்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்கு ஸ்கேன் எடுக்க அழைத்துப்போனேன். ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்த நாளிலிருந்து, நான்கு ஆண்டுகளாக அவளுக்கு அடியில் ஏதோ இறங்குவதுபோல் பாரம், சிறுநீரும் அடங்குவதில்லை. கம்பெனியில் நாள் முழுக்க நிற்பது வதையாக இருந்தது. பிரசவத்துக்குப் பின் வயிற்றில் துணி கட்ட மறுத்த வினை என்று அம்மா சொல்லாத நாளில்லை.

ஸ்கேன் என்றால் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது, பிள்ளை பெற்ற எங்கள் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி. அவளும் ரயிலில் ஒரு பாட்டில் குடித்தாள். பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் புடவை நனைந்துவிட்டது.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, "இதுக்கு ஒண்ணுக்குப் போய்ட்டுதாம்மா வரணும். தண்ணி குடிக்க யாரு சொன்னது?" என்றார்.

"ஊரே சொல்லுச்சு மேடம்" என்றாள் தங்கை.

அவளை முக்கச் சொல்லி, திரையில் எனக்கும் காட்டினார். இடுப்பின் அடியைத் தாங்கும் தசை வலப்பக்கம் எலும்பிலிருந்து பிய்ந்திருந்தது.

"குழந்தைய இழுக்கும்போதே பிஞ்சிருக்கு. இனிமே ஒட்டவைக்கிறது கஷ்டம். மிச்சம் இருக்கிற தசைக்குப் பயிற்சி தரலாம்."

"துணி கட்டிக்கினு இருந்தா பிஞ்சிருக்காதா மேடம்?" என்று தங்கை கேட்டாள்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

திரும்பும் வழியில் அந்த ஒரு வாக்கியத்தை இரண்டு முறை என்னைச் சொல்லச் சொன்னாள்.

வீட்டில் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அம்மா ஸ்கேன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கே கட்டியிருந்தா ஒட்டிக்கினு இருக்கும்டி. இன்னா சொன்னாலும் கேக்க மாட்டியே."

அந்த மாதத்தோடு தங்கை கம்பெனி வேலையிலிருந்து நின்றுகொண்டாள்.